நகரமாதாவின் தண்ணீர்த் தடை

பாலாம்பிகை அக்காவை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘நகரமாதா’ என்றால்தான் தெரியும். ஹோல்ஸ்பெக் நகரத்துக்கு முறைப்படி ஒரு நகரபிதா இருந்தார். கழுத்தில் பெரிய சங்கிலி போட்டுக்கொண்டு, கடை திறப்பு விழாக்களில் ரிப்பன் வெட்டுவார். அவரால் எங்களில் ஒருவருக்கும் ஒரு நன்மையும் கிடைத்ததாக நான் அறியவில்லை. குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள், எந்தத் தெருவைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள், நூலகம் எப்போது பூட்டு, இவற்றையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அக்காதான்.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் வந்தால் ஹோல்ஸ்பெக். அதன் ஓரத்தில் சீகல்வேக் என்றொரு முட்டுத் தெரு. தெருத் தொடக்கத்தில் எங்கள் அம்மன் கோயில். முன்பு அது கம்பளம் விற்ற கிடங்கு. தெரு முடிவில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடம். அங்கே பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அக்கா மூன்றாம் மாடி, நான் அதற்கு நேர் கீழே. கீழே இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்காவுக்கு இந்த அறிவித்தல் பைத்தியம் பிடித்தது ஒரு குப்பைப் பையினால். வந்த புதிதில் யாரோ தவறான நாளில் மஞ்சள் பையை வாசலில் வைக்க, கட்டடம் முழுவதற்கும் திட்டு விழுந்தது. திட்டியது ஜெர்மன் மொழியில், ஆகையால் என்ன திட்டு என்றுகூட ஒருவருக்கும் விளங்கவில்லை. அதுதான் அக்காவைச் சுட்டது. அன்றிலிருந்து கிழமைக்கொருமுறை தபால் பெட்டியில் இலவசமாக விழும் நகரப் பத்திரிகையை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பார். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, இரவில் மாநகரசபை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஐயர் ஒலிவாங்கியை வைக்கவும் அக்கா எடுக்கவும் சரியாக இருக்கும்.

அவருடைய குரல் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் குரல். “சீகல்வேக் வதிவாளர்களுக்கு ஆழ்ந்த கவனத்துடன் அறியத் தருகிறோம்” என்று தொடங்கினால், புதிதாக வந்தவர்கள் யாரோ போய்விட்டார்கள் என்று பதறுவார்கள். பழைய தளபாடம் ஏற்றும் லொறி ஒருநாள் பிந்தி வரும் என்பதுதான் செய்தியாக இருக்கும். பிரசாத வரிசையில் நிற்பவர்கள் அறிவித்தல் முடியும்வரை நகர முடியாது. பசியோடு கேட்டதால்தானோ என்னவோ, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் வெயில் கொளுத்தியது. ஜெர்மன்காரர் முதலில் மகிழ்ந்தார்கள், பிறகு முறைப்பட்டார்கள், பிறகு பேசவே தெம்பில்லாமல் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நகரப் பத்திரிகை வறண்டு வெடித்துப்போன குளத்தின் படத்தை முன்பக்கத்தில் போட்டு, ‘ஹோல்ஸ்பெக் பாலைவனமாகிறதா?’ என்று கேட்டது. எழுதியவன் பகிடிக்கு எழுதியிருப்பான். அக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. உள்ளே மாநகரசபையின் தடை இருந்தது: குழாய்த் தண்ணீரைப் புல்லுக்கு விடக்கூடாது, கார் கழுவக்கூடாது, வீதியில் ஊற்றக்கூடாது. கடைசி வரியில், வீட்டுக்குள்ளும் சிக்கனமாக இருந்தால் நல்லது என்று மெதுவாக ஒரு வேண்டுகோள்.

அக்காவின் வாயில் அந்த வேண்டுகோள் சட்டமாகிவிட்டது. அவர் காரைநகர்க்காரி. கிணறெல்லாம் உவராகிப்போன ஊரில், நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர். குழாயைத் திறந்துவிட்டுப் பல் விளக்குகிறவனைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். இத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்தார். இப்போது அரசாங்கமே அவர் பக்கம் வந்துவிட்டது.

“பாலைவனத்தில இருக்கிறவை எப்பிடி இருப்பினமோ, நாங்களும் அப்பிடி இருக்கவேணும்,” என்றார் ஒலிவாங்கியில். “வாளியில பிடிச்சுக் கோப்பையால குளிக்கவேணும். உடுப்புத் தோய்ச்ச தண்ணி கக்கூசுக்கு. அரிசி கழுவின தண்ணி கறிவேப்பிலைக்கு. ஆருக்கும் சந்தேகமிருந்தால் என்ர வீட்டுக்கு வாங்கோ.”

ஒருவரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர்தான் எங்கள் வீடுகளுக்கு வந்தார். மாடிப்படியில் நின்றாலே எந்த வீட்டில் தண்ணீர் ஓடுகிறது என்று சுவருக்குள் போகும் குழாய் காட்டிக் கொடுக்கும். ஒருநாள் தலையில் ஷாம்பூ நுரையோடு நின்றேன். கதவில் தட்டு.

“கிரிஜா, ஷவரோ அது?”

“தலை முழுகிறன் அக்கா.”

“வாளி இல்லையோ? இல்லாட்டிச் சொல்லு பிள்ளை, நான் தாறன்.”

நான் பதில் சொல்வதற்குள் வாளியும் கோப்பையும் வாசலில் வந்து இருந்துவிட்டன. நுரை கண்ணுக்குள் இறங்க, நகரமாதாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு கோப்பையால் குளித்தேன். ஆனால் மறுநாளும் கோப்பையால்தான் குளித்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான், திட்டினோம், செய்தோம்.

இப்போது அவருடைய கணவர் தம்பித்துரை அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் உதிரிப்பாகக் கிடங்கில் வேலை செய்து களைத்து, கதிரையில் இருந்து மிச்சக் களைப்பையும் தீர்க்கிற மனிதர். மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்து பெரிய ஒப்பரேஷன் நடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், எங்கள் எல்லாருக்கும் முன்னால், அண்ணை சத்தம்போட்டு அழுதார். “தாயே, இவளை விட்டுவிடு. நான் உன்ர தேருக்குப் பின்னால உருளுறன்,” என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். தேரன்று தேருக்குப் பின்னால் வெறும் மேலோடு வீதியில் உருண்டு போகும் அங்கப்பிரதட்சணம். அக்கா பிழைத்துக்கொண்டார். அண்ணை உருளவில்லை.

முதல் வருடம் அவருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியாதாம். அடுத்த வருடம், விரதமிருக்க வேண்டிய நாளில், மீன் பொரியலைக் கத்தரிக்காய் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டாராம். முள்ளோடு ஒரு கத்தரிக்காய். கேட்டால், “அம்மாள் எங்கை போகப்போறா? நேர்த்தி இருக்கட்டும்,” என்பார். நாங்கள் சிரிப்போம். அக்காவும் சிரிப்பது போலத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் கோடையில் மாடிப்படியில் வைத்து என்னிடம் ஒரு தடவை சொன்னார். “செப்டெம்பரில பெரிய செக்கப் இருக்குது பிள்ளை. என்ர உயிரை அம்மாளிட்ட அடகு வைச்சிட்டு இந்த மனிசன் இருந்து ரீவி பாக்குது. இந்த முறையும் உருளாட்டி, அம்மாள் பொறுக்கமாட்டா.” சொல்லும்போது கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஈரமில்லாத துணியால். நகரமாதாவுக்குப் பயமென்று ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தேர்த் திருவிழா ஓகஸ்ட் நடுவில். மற்ற வருடங்களில் உருளுகிறவர்களுக்காகக் குழாய் பிடித்து வீதியை நனைத்துவிடுவார்கள். இந்த வருடம் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. அண்ணைக்கு முகத்தில் இப்படியொரு பிரகாசத்தை நான் கண்டதில்லை.

“நான் உருள ஆயத்தம்தான்,” என்றார் வருத்தமான குரலில். “ஆனால் வீதியில தண்ணி ஊத்தத் தடையெல்லே. நகரமாதாவே சொல்லிப்போட்டா. சட்டத்தை மீறி நேர்த்தி செய்தால் அம்மாள் ஏற்பாவோ?”

 அக்காவின் அறிவித்தல் அவர் கழுத்துக்கே வந்துவிட்டது.

கோயில் நிர்வாகசபை கூடியது. எங்கள் நிர்வாகசபை கூடினால் தேநீர் முடியும், பிரச்சினை முடியாது. கிடங்கில் மிஞ்சிக் கிடக்கும் கம்பளங்களை வீதியில் விரிக்கலாம் என்றார் ஒருவர். நேர்த்தி மண்ணில்தான், கம்பளத்தில் அல்ல என்றார் ஐயர். தலைவர் ரவிச்சந்திரன் நீண்ட நேரம் யோசித்துவிட்டு எழுந்தார். தடை குழாய்த் தண்ணீருக்குத்தானே, கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றினால் என்ன என்று கேட்டார். மலிவாகக் கிடைப்பது சோடா மாதிரிக் குமிழிவிடும் காஸ் தண்ணீர்தான். காஸ் தண்ணீரில் உருண்டால் முதுகு கூசாதோ என்று ஒரு பெரிய விவாதம் தொடங்கியது.

“தடை தடைதான்,” என்று அக்கா எழும்பினார். “போத்தலில அடைச்சாப்போல அது தண்ணி இல்லையெண்டு ஆகுமோ? நான் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு எனக்கு மட்டும் கள்ள வழி தேட ஏலாது.” எழும்பிப் போனவரின் கண் கலங்கியிருந்ததைக் கதவருகே நின்ற நான் கண்டேன். உள்ளே காஸ் விவாதம் நடந்துகொண்டுதான் இருந்தது.

திருவிழாவுக்கு முந்திய கிழமை ஒரு மனிதர் நகரத் தண்ணீர்ப் பகுதியின் சட்டையோடு எங்கள் கட்டடத்துக்கு வந்தார். பெயர் புறொக்மன். கையில் ஒரு வெப்பமானி, முகத்தில் சங்கடம். யாரைக் கேட்டாலும் மூன்றாம் மாடியைக் காட்டினார்கள். நான் சொந்தமாக ஒரு வாளி வாங்கிவிட்டு, அக்காவின் வாளியைத் திருப்பிக் கொடுக்க அப்போது அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அவருக்கு அளந்து ஒரு கோப்பை தேநீர் வைத்தார்.

அவர் சொன்னது இதுதான். நகரம் முழுவதும் தண்ணீர் பாவிப்பு கூடியிருக்கிறது. தடையை மீறி இரவில் எல்லாரும் புல்லுக்கு விடுகிறார்கள். சீகல்வேக்கில் மட்டும் பாவிப்பு விழுந்து போயிற்று. இது முட்டுத் தெரு, குழாயும் இங்கேயே முடிகிறது. எடுப்பவர் இல்லாமல் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்று சூடாகிறது. அப்படி நிற்கவிட்டால் குடிக்க உதவாது.

“உங்களால் கொஞ்சம் கூடுதலாகப் பாவிக்க முடியுமா? மக்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்கிறார்கள்,” என்றார் புறொக்மன்.

அக்கா அவரை விழித்துப் பார்த்தார். மாநகரசபை சொன்னதை ஊரில் செய்தது இந்த ஒரு தெரு. அதற்குக் கிடைத்தது முறைப்பாடு.

“அதோடு,” அவர் குரலை இன்னும் தாழ்த்தினார், “குழாயைக் கழுவ வேண்டும். தெரு முடிவில் இருக்கும் தீயணைப்புக் குழாயைத் திறந்து, நின்ற தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும்.”

“எங்கை விடுவியள்?”

“தெருவில்தான்.”

அக்காவின் சமையலறை ஜெர்மன் அப்போது பொங்கி வழிந்தது. நான் அதை எங்கள் தமிழில் தருகிறேன். “நாங்கள் கோப்பையால குளிச்சனாங்கள். இந்தப் பிள்ளை கண்ணுக்குள்ள சவுக்காரத்தோட நிண்டவள். அது எல்லாத்தையும் சேர்த்து வைச்சது நீங்கள் ஒரே நாளில றோட்டில ஊத்தவோ?” புறொக்மன் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். வேறு யாரென்றால் எழும்பிப் போயிருப்பார்கள்.

திடீரென்று அக்கா நிறுத்தினார். யன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். தெரு எங்கள் வாசலிலிருந்து கோயில் பக்கமாக மெல்லச் சரிந்து இறங்குகிறது.

“எப்ப திறக்கிறியள்?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“வியாழக்கிழமை.”

“ஞாயிற்றுக்கிழமை காலமை ஏலாதோ?”

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யச் சொல்வது, கோயிலுக்குள் செருப்போடு வரச் சொல்வது மாதிரி. புறொக்மன் திகைத்தார். அக்கா விட்டுவிடவில்லை. தேரை, நேர்த்தியை, ஒப்பரேஷனை, கத்தரிக்காயை, எல்லாவற்றையும் சொன்னார். கணவன் வீதியில் ஏன் உருள வேண்டும் என்பது புறொக்மனுக்கு விளங்கியிருக்காது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருக்கும் கணவன் என்பது எந்த நாட்டிலும் விளங்கும். ஞாயிறு அவசரச் சேவைக்கு அவர்தான் முறையாம். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருப்பாராம். “பத்து மணிக்கு வருகிறேன். தேருக்காக என்று நான் எழுத மாட்டேன்,” என்றார்.

“அப்ப ஞாயிறு பத்து மணி, தெர்மின்,” என்றார் அக்கா. தெர்மின் என்றால் முன்கூட்டியே குறித்து வைக்கும் நேரம். வைத்தியரிடம் நாள் குறிக்கும்போதுகூட அவர் அந்தச் சொல்லை இப்படி அழுத்திச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அறிவித்தலுக்கு அவர் ஒலிவாங்கியை எடுத்தார். “சீகல்வேக் வதிவாளர்களுக்கு ஆழ்ந்த கவனத்துடன் அறியத் தருகிறோம். நாங்கள் மிச்சம் பிடிச்சது போதுமாம். இனி வீட்டுக்குள்ள வடிவா ஷவரில குளிக்கட்டாம். வெளியில தடை இருந்தபடிதான்.” பிரசாத வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பாவம், அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை கட்டடத்தில் எல்லா ஷவரும் ஒன்றாகத் திறந்தன. சுவர் முழுக்க இரைச்சல். மேலே அக்கா அதைக் கேட்டுக்கொண்டு தனியாக இருந்திருப்பார். நான் மட்டும் அன்று கோப்பையால் குளித்தேன், ஏனென்று தெரியாது.

அண்ணைக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. “அவையள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டினம்,” என்று சனி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிறு பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கப் புறொக்மனின் வண்டி வந்து நின்றது. அவர் நெற்றியில் யாரோ திருநீறு பூசிவிட்டார்கள்.

தேர் காலையிலேயே கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறாத நேரம், அண்ணை வேட்டியோடு உருண்டு வந்ததில் பெரிய சிரமமில்லை. தேர் திரும்பும்போதுதான் சூரியன் உச்சிக்கு வரப் பார்த்தான். புறொக்மன் தீயணைப்புக் குழாயின் சாவியைத் திருகினார். தண்ணீர் பாய்ந்து தெருவை நிறைத்துச் சரிவில் இறங்கியது. குழந்தைகள் கத்தினார்கள், மேளகாரர் காலைத் தூக்கித் தூக்கி வாசித்தார். உருண்டவர்கள் எல்லாரும் ஆனந்தமாக உருண்டார்கள். அண்ணைக்குப் பின்னால் அக்கா, கையில் ஒரு போத்தல் தண்ணீர். விடியற்காலையிலிருந்து விரதம். அண்ணை முடித்த பிறகுதான் குடிப்பதென்று வைத்திருந்த தண்ணீர்.

கோயில் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வீதிக்குக் குறுக்கே ஒரு வடிகால் கம்பி இருக்கிறது. அது வந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது. அங்கிருந்து வாசல் வரைக்கும் காய்ந்த கறுப்புத் தார். மற்றவர்கள் முனகிக்கொண்டு விரைவாக உருண்டு கடந்தார்கள். அண்ணை அந்தக் கம்பியில் வந்து நின்றுவிட்டார். குப்புறக் கிடந்தார், அசையவில்லை.

“சுடுது போல. எழும்பட்டும், இவ்வளவும் போதும்,” என்றார் ரவிச்சந்திரன்.

அக்கா முழங்காலில் இருந்து குனிந்தார். நான் பக்கத்தில் நின்றேன், அதனால் கேட்டது.

“இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம்தான். உருளுங்கோ.”

“மிச்சம் அடுத்த வருஷம் செய்யிறன்.”

“ஏன்? சுடுதோ?”

அண்ணை முகத்தைத் திருப்பினார். கன்னத்தில் மண். “சுடேல்லை,” என்றார். “நேர்த்தி முடிஞ்சால் பிறகு அம்மாளுக்கு உம்மில என்ன கிடக்கு? கடன் நிக்குமட்டும் உம்மைத் தொடமாட்டா எண்டுதான்… ரண்டு வருஷமும் இழுத்தனான். செப்டெம்பர் போகட்டும்.”

 நேர்த்தி செய்யாததால் செத்துப்போவேனோ என்று அக்கா பயந்திருந்தார்; செய்தால் அக்கா செத்துப்போவாரோ என்று அண்ணை பயந்திருந்தார். மூன்று வருடமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல். நாங்கள் அந்த மீன் பொரியலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா போத்தலின் மூடியைத் திருகினார். குழாய்த் தண்ணீர்தான், வீட்டிலிருந்து பிடித்து வந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணைக்கு முன்னால் அந்தத் தாரில் ஊற்றினார். ஒரு சொட்டும் வைக்கவில்லை. புறொக்மன் அந்த நேரம் பார்த்துத் தன் சாவியைத் துடைக்கத் தொடங்கினார்.

“இஞ்சாரும், தடையெல்லே?” என்றார் அண்ணை.

“நான் இருப்பன்,” என்றார் அக்கா. “பேசாமல் உருளுங்கோ.”

அண்ணை உருண்டார். போத்தல் தண்ணீர் எட்டிய இடம் வரைக்கும் மெதுவாக, அதற்கப்பால் நல்ல வேகமாக. வாசலில் நான்கு பேர் பிடித்துத் தூக்கி நிமிர்த்தினார்கள். நின்றதும் அவர் முதலில் செய்த காரியம் அம்மனைப் பார்த்துக் கைகூப்பி என்னவோ முணுமுணுத்ததுதான். அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என்ன சொன்னனீங்கள்?”

“புது நேர்த்தி ஒண்டு வைச்சனான்.”

“இப்பதானே ஒண்டு முடிஞ்சது.”

“அதுதான் உடனே வைச்சனான். உமக்கு எண்பது வயசு முடியேக்க, திரும்பவும் உருளுறன் எண்டு.”

அக்கா அவர் முதுகில் ஒட்டியிருந்த சின்னக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். கண்ணைத் துடைக்கவில்லை, கையில் மண்ணாக இருந்தது.

“அப்ப உங்களுக்கு எண்பத்தாறு,” என்றார். “தண்ணிக்கு இப்பவே புறொக்மனிட்ட ஒரு தெர்மின் எடுத்து வைக்கவேணும்.”